ஒரு மயிரிழை மேலே

எப்சிபா தன் வேலையை யாருக்காவது விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அதனால் "மியூசிக் பிரிண்டிங்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அது பாதி உண்மைதான். பெரம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அச்சான இசைத்தாள்களை எந்தப் பியானோவிலும் எவரும் வாசிப்பதில்லை. அவை வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள் வாசிக்கப்பட்டன.

சுகாதாரத் துறையிலிருந்து கோமளவல்லி மேடம் விசாரணைக்கு வந்தபோது, விளக்கும் பொறுப்பைத் தயாளன் எடுத்துக்கொண்டான். அவன் எப்சிபாவுக்குப் பக்கத்து மேசைக்காரன். வாய் ஓயாதவன்.

"மண்டைக்குள்ள மயிரு மாதிரி கம்பிங்க இருக்கு மேடம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சுரம். எந்தக் கம்பியெல்லாம் சேர்ந்து அதிரணும், எவ்வளவு நேரம் அதிரணும்னு டாக்டர் எழுதித் தருவாரு. மொதல்ல நம்பராத்தான் எழுதினாங்க. பக்கம் பக்கமா நம்பர். தப்பு இருந்தா யாரு கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் சர்ச்சுல பாடுற ஒரு டாக்டர், இதை அஞ்சு கோடு போட்டு எழுதிடலாமேன்னு எழுதிக் காட்டினாரு. பளிச்சுனு புரிஞ்சிது. அதுவே நிலைச்சிடுச்சு."

"தாள்ல எதுக்கு? பெட்டிக்கு நேரா அனுப்பிட வேண்டியதுதானே?"

"அனுப்பிட்டுத்தான் இருந்தாங்க. நடுவுல எவனோ புகுந்து விளையாடிட்டான். ஒரே சாயங்காலத்துல எத்தனை பேர் ரோட்டுல சுருண்டு விழுந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா? அதுக்கப்புறம்தானே சட்டம் வந்துச்சு. மனுசன் கண்ணு எதைப் பார்க்குதோ அதை மட்டும்தான் பெட்டியும் பார்க்கணும். வீட்டுல சுவரோரமா பெட்டி இருக்கும், முன்னாடி தாளைச் செருகுவாங்க, அது கேமராவால படிச்சுக் கம்பிக்குச் சொல்லும். வேற வழியில அதுக்குள்ள எதுவும் நுழைய முடியாது."

மேடம் எப்சிபாவின் திரையைக் குனிந்து பார்த்தாள். அதில் ஒரு கார்ட், ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, நின்றது. ஒன்றன் தலைமேல் ஒன்றாக ஆறு சுரங்கள். அவற்றுக்கு இடப்பக்கம் நான்கு குறிகள்.

"இது என்னம்மா?"

"ஷார்ப் போட்டா சுரம் அரைப்படி ஏறும் மேடம். ஃப்ளாட் போட்டா அரைப்படி இறங்கும். எந்தச் சுரத்துக்கோ, அதே உயரத்துல குறி நிக்கணும். சுரம் நெருக்கமா இருந்தா குறிகளை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிறுத்த இடம் இருக்காது, இடிச்சுக்கும். அதனால சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணா இடப்பக்கம் தள்ளிவிடும். தள்ளத் தள்ள கார்ட் அகலமாயிடும். கடைசிக் கட்டம் அடுத்த தாளுக்குப் போயிடும். தாள் மாத்துற நேரத்துல சிகிச்சை அறுந்துடும். அதனால அந்த மாதிரி இடத்துல நான் கையாலே நகர்த்துவேன்."

"ஷேர் ஆட்டோவுல ஆள் ஏத்துற மாதிரி மேடம்," என்றான் தயாளன். "'கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க'ன்னு நாலாவது ஆளையும் ஏத்திடுவா. இவளோட ஃப்ளாட்டைப் பாருங்க, மேல இருக்கிறதோட வயித்துக்கடியில தலையை விட்டுக்கிட்டு எவ்வளவு சமத்தா நிக்குது! பாஸ் பார்த்துட்டு, இதையே சாஃப்ட்வேருக்கும் கத்துக்குடுத்துட்டாரு. இப்ப எல்லாத் தாள்லயும் இவ கைவண்ணம்தான்."

எப்சிபாவுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளூர வழக்கம்போல ஒரு பயமும். யாராவது புகழ்ந்தால், தான் எங்கோ தவறு செய்திருக்கிறோம், அது இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

மேடம் வந்த காரணத்தைச் சொன்னாள். வேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண். நன்றாக இருந்தவளுக்குப் புதுத் தாள் போட்ட பிறகு திரும்பவும் வலிப்பு வந்திருக்கிறது. அடுப்பருகே நின்றிருக்கிறாள். முகமும் கழுத்தும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

அந்தப் பெண்ணின் தாளை அலுவலகச் சோதனைப் பெட்டியில் செருகிப் பார்த்தார்கள். டாக்டர் எழுதியதும் பெட்டி படித்ததும் ஒன்றாகவே இருந்தன. மேடம் இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். பிறகு, "கம்பி பழுதா இருக்கும்," என்று எழுதிக்கொண்டு எழுந்தாள்.

அன்று எப்சிபா வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நிக்சன் பேசினான்டி."

நிக்சன் அவளுடைய தம்பி. ஒரு மழைநாள் சாயங்காலம், வேலை முடிந்து வரும் அக்காவை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்பியவன் பாலத்து இறக்கத்தில் பைக்கோடு விழுந்தான். பிழைத்தான். ஆனால் ஓயாமல் வலிப்பு வந்தது. பெட்டி வந்த பிறகு வலிப்பு நின்றது. நின்றதோடு மற்றதும் நின்றுபோயிற்று. ஊட்டினால் சாப்பிடுவான், கைப்பிடித்தால் நடப்பான், மற்ற நேரமெல்லாம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பார்ப்பான். வலிப்பு இல்லாமல் இருப்பதே கர்த்தருடைய கிருபை என்று பாஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டே, வருடக்கணக்காக, அவனிடம் பேசுவாள். பதில் வந்ததே இல்லை.

"என்ன பேசினான்?"

"என்னைப் பார்த்து... அம்மான்னு கூப்பிட்டான்டி. குழம்பு என்னன்னு கேட்டான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து புதுத் தாள் வந்ததிலிருந்தே முகத்தில் ஒரு களை தெரிந்தது என்றாள். மறுநாளும் பேசினான். அதற்கு மறுநாளும். சாயங்காலம் பெட்டி ஓடும் நேரத்தில் மட்டும். அந்த நேரத்தில் எப்சிபா அலுவலகத்தில் இருப்பாள். வீடு வந்ததும் அம்மா அன்றைய பேச்சைச் சொல்லுவாள். டாக்டர் மறுபடி வரச் சொன்னார் என்றேன், அலுத்துக்கொண்டான் என்பாள். நான் பட்டினி என்றேன், என்னைச் சாப்பிடச் சொன்னான் என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை எப்சிபா சர்ச்சிலிருந்து வந்து உடை மாற்றாமல் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பெட்டி ஓடத் தொடங்கியது. கம்பிக்குப் போகும் சுரங்களையே பெட்டி மெல்லிய ஒலியாக வெளியிலும் விடும், வேலை செய்கிறதென்று வீட்டார் தெரிந்துகொள்வதற்காக. தூரத்தில் யாரோ ஆர்மோனியத்தின் துருத்தியை விட்டு விட்டு அழுத்துவதுபோல இருந்தது. பக்கத்து அறையில் அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஓரிடத்தில் மெஷின் நின்றது. அம்மா கதவருகே வந்து நின்றாள்.

"பசிக்குதாடா நிக்சா?"

பெட்டியிலிருந்து ஒரு கார்ட் நீண்டது. நிக்சன் தலையை நிமிர்த்தினான். கண்ணுக்குள் ஆள் வந்தாற்போல இருந்தது.

"அம்மா, குழம்பு என்ன?"

"வெண்டைக்காப் புளிக்குழம்பு."

"ஐயோ, மறுபடியுமா!" என்று சிரித்தான். பழைய சிரிப்பு. இடது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. "அக்கா வந்துட்டாளா?"

எப்சிபா முன்னால் குனிந்தாள். "வந்துட்டேன்டா. இதோ இருக்கேன் பாரு."

"நீ சாப்பிடு. நான் வந்துடுறேன்."

"பார்த்துப் போடா," என்றாள் அம்மா.

அவன் எங்கும் போகவில்லை. கார்ட் முடிந்தது, கண்ணிலிருந்து ஆள் இறங்கிப் போய்விட்டது. அம்மா திரும்பிப் போய் மெஷினை மிதித்தாள். 'பார்த்துப் போடா' என்று ஏன் சொன்னாள் என்று எப்சிபாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அழுகையில் அது கரைந்துபோயிற்று.

தம்பியை எழுப்பிய கட்டம் எது என்று பார்க்க ஆசைப்பட்டுத்தான் அவள் பெட்டியிலிருந்து தாளை உருவினாள். யாருடைய தாள் என்று தெரியாமல் எண் மட்டும் போட்டு வரும் என்பதால், தம்பியின் தாள் தன் மேசைக்கு வந்ததா என்று அவள் அறிந்ததில்லை. கடைசிக்கு முந்தின வரியில் கண் நின்றது. ஆறு சுரம், நான்கு குறி. மூன்றாவது ஃப்ளாட் மேலே இருந்ததன் வயிற்றுக்கடியில் சமத்தாக நுழைந்து நின்றது.

அவளுடைய கைவேலை. அப்படி நுழைப்பதற்காக அந்த ஃப்ளாட்டை ஒரு மயிரிழை மேலே தூக்க வேண்டும். இசை தெரிந்த கண் அதைப் பொருட்படுத்தாது, அது எந்தச் சுரத்துக்கு உரியது என்று தானே புரிந்துகொள்ளும். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கார்ட்டைச் சுரம் சுரமாக மெல்லப் பாடிப் பார்த்தாள். சற்று முன் பெட்டியில் கேட்டது அது இல்லை. அச்சில் இருந்தது காதைக் கரகரக்கச் செய்தது. பெட்டி வாசித்தது இதமாக இருந்தது.

தான்தான் தவறாகக் கேட்டிருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்கு எப்போதும் சுலபம்.

திங்கட்கிழமை, பழுதென்று திரும்பி வந்து அலமாரியில் கிடந்த வீட்டுப் பெட்டி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். அலுவலகத்துச் சோதனைப் பெட்டியின் கேமரா புதிது. வீடுகளில் இருப்பவை பழையவை, பார்வை மங்கியவை. தன் பாணியில் குறிகளை நெருக்கி நிறுத்திய தாள்களை ஒவ்வொன்றாகச் செருகினாள். சிலதைப் பெட்டி சரியாகப் படித்தது. சிலதில் அந்த ஃப்ளாட்டை மேலேயிருந்த அடுத்த சுரத்துக்குக் கொடுத்தது. வேண்டிய கம்பி அதிரவில்லை, வேண்டாத கம்பி அதிர்ந்தது. வேலூர்ப் பெண்ணின் தாளைக் கடைசியாகச் செருகினாள். செருகும் முன்பே தெரிந்திருந்தது.

தயாளன் டீ டம்ளரோடு பின்னால் நின்றிருந்தான்.

"எத்தனை தாள்ல இருக்கும் எப்சி?"

"சாஃப்ட்வேர்ல போட்டதுக்கப்புறம் போன எல்லாத்துலயும். எந்த வீட்டுல கேமரா மங்கலோ அங்கெல்லாம்."

"பாஸ்கிட்ட சொல்லிடு. இல்ல, அந்த மேடத்துகிட்டயே சொல்லு. பாஸ் அமுக்கிடுவாரு."

"சொன்னா எல்லாத் தாளையும் மாத்துவாங்க."

"மாத்தட்டுமே!"

அவள் நிக்சனைப் பற்றிச் சொன்னாள். தயாளன் டம்ளரை மேசையில் வைத்தான். டீ ஆறி ஏடு படியும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லி அவனுக்கு மட்டும் இதையே எழுதித் தரச் சொல்லேன்," என்றான் பிறகு.

அவள் கேட்காமலில்லை. போன் செய்து, யாரைப் பற்றி என்று சொல்லாமல் கேட்டாள். "அந்தக் கம்பியையா? தினமுமா?" என்றார் டாக்டர். "அது ஞாபகம் இருக்கிற இடத்துப் பக்கம்மா. தட்டினா ஏதாவது வரும்தான். ஆனா தட்டத் தட்ட அந்த இடம் வெந்துக்கிட்டே போகும். மொதல்ல விரல் மடங்கும். அப்புறம் வலிப்பு பழையபடி திரும்பிடும். யாரு அப்படி எழுதினது?" அவள் போனை வைத்துவிட்டாள்.

நிக்சனின் இடது கைச் சுண்டுவிரல் இரண்டு நாளாக உள்ளே மடங்கியிருந்தது. குளிரென்று நினைத்து அம்மா அதில் எண்ணெய் தேய்த்து விட்டிருந்தாள்.

அவனையே கேட்டுவிடுவது என்று எப்சிபா முடிவு செய்தாள். பேசுகிறான், சிரிக்கிறான், அலுத்துக்கொள்கிறான். அவன் உயிர், அவன் தலை. வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அவனுக்குத்தானே. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பெட்டி ஓடியது. அந்த இடம் நெருங்கியபோது அவன் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மடங்கிய விரல் உள்ளங்கையில் குத்தியது.

"நிக்சா, கேளு. இந்தத் தாள் தப்பு. இதனாலதான் உனக்கு முழிப்பு வருது, ஆனா உன் உசிருக்கு ஆபத்து. மாத்திடவா? வேணாமா? நீ சொல்றதைச் செய்யுறேன்."

கண்ணுக்குள் ஆள் வந்தது.

"அம்மா, குழம்பு என்ன?"

"அக்காடா. நான் அக்கா. மாத்தவா வேணாமா?"

அவன் சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது. "ஐயோ, மறுபடியுமா!"

"நிக்சா..."

"அக்கா வந்துட்டாளா?"

அவள் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் போயிற்று. யாரோ பதில் சொன்னதுபோல அவன் தலையை ஆட்டினான்.

"நீ சாப்பிடு. நான் வந்துடுறேன்."

வாசலில் நூல்கண்டுப் பையோடு அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, அவசரமாக, யாரையோ பிடித்து நிறுத்துபவளைப்போல, "பார்த்துப் போடா!" என்றாள். கார்ட் அதற்குள் முடிந்திருந்தது.

எப்சிபா எழுந்து சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே அம்மா வந்தாள்.

"தினமும் இதே நாலு பேச்சுதானாம்மா?"

அம்மா அரிசி டப்பாவின் மூடியைத் திறந்தாள். திரும்பவும் மூடினாள்.

"எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். அன்னைக்கு மழையில, உன்னைக் கூட்டிட்டு வரக் கிளம்புறதுக்கு முன்னாடி, இந்த வீட்டுல அவன் பேசின பேச்சுடி இது. கடைசிப் பேச்சு. எழுத்து மாறாம இதுதான்."

"நீ ஒவ்வொரு நாளும் வேற வேற மாதிரி சொன்னியே."

"நான்தான் கேள்வியை மாத்தி மாத்திக் கேட்டேன். அவன் சொல்லப்போறது எனக்குத் தெரியுமே. அதுக்குத் தோதா ஒரு கேள்வி. டாக்டர் மறுபடி வரச் சொன்னாங்கடான்னா, ஐயோ மறுபடியுமாம்பான். நான் இன்னும் சாப்பிடலடான்னா, நீ சாப்பிடும்பான். புள்ள பதில் சொல்ற மாதிரியே இருக்கும்." அம்மா சிரிக்கப் பார்த்தாள். "துணிக்குத் தக்க சட்டை தைக்கிறதில்லையா, அந்த மாதிரி."

"பார்த்துப் போடான்னு..."

"அன்னைக்கு அதைத்தான் சொல்லல. கான்வென்ட்டுக்கு யூனிஃபார்ம் குடுக்கணும், மெஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தேன். வந்துடுறேன்னான். நிமிர்ந்துகூடப் பார்க்கல. 'ம்'னேன். அவ்வளவுதான்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எப்சிபா வேலூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். விரல் மடங்குவதைப் பற்றிச் சொன்னாள். தன் ஃப்ளாட்டைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியாமல், விரலால் சமையல் மேடை மேல் கோடு இழுத்துக் காட்டினாள். அம்மாவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை.

"மாத்திடவாம்மா?"

"என்னைக் கேக்காத," என்றாள் அம்மா. "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன்."

அம்மா அரிசி அளக்கப் போனாள். உழக்கு கையில் இருந்தது. அளக்காமலே நின்றாள்.

மறுநாள் காலை எப்சிபா அலுவலகத்துக்குப் போகவில்லை. பழைய பெட்டியையும் தாள்களையும் தயாளன் ஆட்டோவில் எடுத்து வந்தான். சுகாதாரத் துறை அலுவலகப் படிக்கட்டில் அவன்தான் பெட்டியைத் தூக்கினான். "நாலாவது ஆளு இறங்குறாரு, வழி விடுங்க," என்று ஏதோ சொல்லப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கோமளவல்லி மேடம் பெட்டியில் தாளைச் செருகிப் பார்த்தாள், எப்சிபாவைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இதை நீங்களே வந்து சொல்லணும்னு என்னம்மா கட்டாயம்? யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களே."

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எப்சிபா கேட்டாள். ஒரு கண் தேறாது என்றாள் மேடம்.

தாள்கள் எல்லாம் திரும்பப் பெறப்பட்டன. சாஃப்ட்வேரிலிருந்து அவள் பாணி நீக்கப்பட்டது. குறிகள் பழையபடி இடப்பக்கம் தள்ளித் தள்ளி, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. கார்ட்கள் அகலமாகி, சிகிச்சைகள் இரண்டு தாளாயின. அவளுக்கு வேலை போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில சமயம் நினைத்தாள். மேசையில் உட்கார்ந்து பிறருடைய தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தெந்த வீட்டில் எந்தெந்தத் தவறான கம்பி யாரை எழுப்பியிருக்கும், எந்த அம்மா அதற்கென்று என்னென்ன கேள்விகள் சேர்த்து வைத்திருப்பாள் என்று யோசித்தாள். அப்படி ஒரு கணக்கு யாரிடமும் இல்லை. புகார் சொன்னவர்கள் விழுந்தவர்கள் மட்டும்தான்.

நிக்சனுக்குப் புதுத் தாள் வந்தது. அவளே பெட்டியில் செருகினாள். சாயங்காலம் துருத்தி அழுத்துவதுபோல ஒலி எழுந்தது. நிக்சன் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் சற்று நிமிர்ந்திருந்தது.

அந்த இடம் வந்தது. இம்முறை கார்ட் டாக்டர் எழுதியபடியே, கரகரவென்று ஒலித்தது. தையல் மெஷின் நின்றது. அம்மா கதவருகே வந்தாள்.

"பசிக்குதாடா நிக்சா?"

நிக்சன் திரும்பவில்லை. அவன் ஒரு பேச்சு பேசி முடிக்கும் நேரம் அம்மா பொறுத்திருந்தாள்.

"வெண்டைக்காப் புளிக்குழம்புதான்."

மறுபடி பொறுத்தாள். பிறகு, வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில், கொஞ்சம் சிரித்தாள். சிரித்துவிட்டு எப்சிபாவைப் பார்த்தாள். நிக்சனிடமிருந்து கேள்வி எதுவும் வரவில்லை. வராத கேள்விக்கான இடம் மட்டும் அறையில் இருந்தது.

"வந்துட்டேன்டா," என்றாள் எப்சிபா.

கார்ட் இன்னும் நீண்டது. அம்மா காத்திருந்தாள்.

"பார்த்துப் போடா," என்றாள். "மழை வருது."

பிறகு உள்ளே போய் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.